நம்ம பட்டியலை நாமதான் எழுதணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவ. மேடைப் பேச்சு பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன வருசம் எங்க குழுவில் ஒரு முடிவெடுத்தோம். நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து கைமாத்திப் படிக்கணும்னு. என்ன புத்தகம் எடுக்கிறதுன்னு தெரியல. பத்திரிகையில் வந்த ‘அவசியம் படிக்க வேண்டிய புத்தகங்கள்’ பட்டியலைப் பார்த்து நான் அப்படியே எழுதிட்டுப் போனேன். எல்லாம் தலையணை கனம். மாசக் கடைசியில் ஒரு பக்கம்கூடப் புரட்டாம திரும்பி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மாந்தோப்பு வேலைக்குப் போற ஒரு பெரியம்மாதான் சொன்னாக: “புத்தகம் நல்லாத்தான் இருக்கும் தாயி. எங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கலைதான். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். ஒருத்தருக்குக் கண் மங்கல், பெரிய எழுத்தா வேணும். ஒருத்தருக்குக் கறவை மாட்டு நோய் பத்தி. ஒருத்தருக்குச் சொத்துச் சட்டம். இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமைன்னு தமிழ்நாட்டில் 1989-லயும், நாடு முழுக்க 2005-லயும் சட்டம் வந்ததுன்னு அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தப் பெரியம்மா கேட்டது, “நம்மள மாதிரி கூலிக்குப் போற பொம்பளை கதை.” ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை எடுத்துக் கொடுத்தோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பத்தாவதோட நின்ன பேத்தி ராத்திரி சத்தமா வாசிக்க, பக்கத்து வீட்டு ஆளுகளும் திண்ணையில் வந்து உட்கார்ந்தாக. “உப்பளமோ மாந்தோப்போ, கை காந்தல் ஒண்ணுதான்”னு பெரியம்மா சொன்னாக. அந்தப் பிள்ளை இப்போ பன்னிரண்டாவது தனித்தேர்வு எழுதப் போகுது. எல்லாம் புத்தகத்தாலதான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வாசிக்கிற பழக்கம் விட்டுப்போகாம இருந்துச்சு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு ஐந்து விதி சொல்லி 1931-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆளுக்கு ஏத்த புத்தகம், புத்தகத்துக்கு ஏத்த ஆள் என்பதும் அதில் உண்டு. எங்க பெரியம்மா கேட்டதும் அதைத்தானே!

இன்னொண்ணு. வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் வந்த நூலகச் சட்டப்படி வாங்குற வரி. அப்போ நூலகம் நம்ம காசு. “இந்தப் புத்தகம் வாங்கி வைங்க”ன்னு நூலகரிடம் எழுதிக் கொடுக்க நாம கூச்சப்பட வேண்டியதில்லை.

தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் அடைச்ச கதவுக்குத்தான் பூசை. ஆத்தாவுக்கு அது சரி. புத்தக பீரோவுக்கு அது ஆகாது. திறந்து, அழுக்காகி, அட்டை கிழிஞ்சு, மறுபடி ஒட்டினாத்தான் அது புத்தகம்.

அதனால கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு குழு நோட்டிலும் கடைசிப் பக்கத்தைப் புத்தகத்துக்கு விடுங்க. யாருக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதுங்க. படிச்சவங்க பிடிச்சதா பிடிக்கலையான்னு பக்கத்தில் ஒரு வரி போடுங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லட்டும், தெரிஞ்சவங்க எழுதுவோம். எல்லாக் குழுப் பக்கத்தையும் ஒண்ணா சேர்த்தா, அதுதான் நம்ம பட்டியல். கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பு ஏத்துக்கிறோம். படிப்புக்கும் ஏத்துக்குவோம்.