கொள்ளைநோய் ஆராய்ச்சிக்கு நிரந்தர நிதி வேண்டும்!



1998-ல் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் விஷ ஜுரம் பரவியது. கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்றெண்ணிக் கொசு மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட தொழிலாளரும் மாண்டனர். பன்றியிடமிருந்து தொற்றும் புதுக் கிருமி அது என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. பன்றிக்கு அதைக் கொடுத்தது பழந்தின்னி வௌவால் என்பது பின்னரே புரிந்தது. 105 உயிர்கள் பலி!

மனித வைத்தியர், கால்நடை வைத்தியர், வௌவால் ஆராய்ச்சியாளர் மூவரும் சேர்ந்தாலன்றி இம்மர்மம் அவிழாது. 2018-ல் அதே நிபா கோழிக்கோட்டில் புகுந்தது. சந்தேகம் எழுந்த சில நாட்களிலேயே புனே ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. முன்பே வளர்த்த ஆராய்ச்சியின் பலன் இது!

நோய் வந்தால் பணம், அடங்கினால் கைவிரிப்பு. இது என்ன நியாயம்? மலேசியாவில் செத்தவன் கொட்டிலில் உழைத்தவன். கூட்டு ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கு என நாம் ஒரே குரலில் கேட்போம்!