வலி தணிந்த பின்னும் வாழும் நோய்



அடிபடவில்லை, முள் தைக்கவில்லை. எனினும், இரவோடிரவாகக் காற்பெருவிரலின் அடிமூட்டுச் சிவந்து வீங்குகின்றது. போர்வை படுவதையும் அது பொறாது. ஒன்றிரண்டு வாரங்களில் வலி தானாகவே தணிந்துவிடும். இதுவே மேனாட்டு வைத்தியத்தில் 'கௌட்' எனப்படும் நோயின் வழக்கமான முதல் வருகை. வலி தணிந்ததும் நோயும் போயிற்று என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணமே இந்நோய்க்குப் பெருந்துணையாகின்றது.

நமது உயிரணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகின்றது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்களும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குறைந்தால் குருதியில் அமிலம் மிகும். 100 மில்லிலீற்றர் குருதியில் அது 7 மில்லிகிராமளவைத் தாண்டி நெடுநாள் நின்றால், மிகுந்த உப்பு நீரில் அடியிற் படிவதுபோல, ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகளாக மூட்டுக்களிற் படியக்கூடும். வெண்குருதி அணுக்கள் அப்பளிங்குகளை எதிர்த்து நடத்தும் போராட்டமே நாம் காணும் வீக்கமும் வேதனையுமாகும்.

நோயாளரின் குருதியில் இவ்வமிலம் மிகுந்திருப்பதை 1848ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் அல்பிரட் கறொட் எடுத்துக்காட்டினார். 1961ஆம் ஆண்டில் மக்கார்ட்டி, ஹொலண்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் மூட்டு நீரிலுள்ள பளிங்குகளை நுணுக்குக்காட்டி கொண்டு இனங்கண்டனர்.

இந்நோயை அரசர் நோய் என்றும் பெருந்தீனியின் தண்டனை என்றும் முன்னாளில் ஐரோப்பாவிற் பழித்தனர். அதில் உண்மை சிறிதே. ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சி, நெத்தலி, பியர், சாராயம், சீனி மிகுந்த குளிர்பானம் ஆகியன அமிலத்தை மிகுவிப்பது மெய். ஆயின், பரம்பரை இயல்பு, சிறுநீரகத் தளர்ச்சி, உடற்பருமன், சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகள் என்பனவும் காரணமாகும். ஆகவே, அளவோடுண்போரையும் இந்நோய் பற்றலாம். அதற்காக நாணி வைத்தியரை நாடாதிருத்தல் தகாது. பருப்பையும் கீரையையும் அஞ்சி ஒதுக்க வேண்டியதுமில்லை.

இனிச் சிகிச்சையைக் காண்போம். அது இருவகைப்படும். முதலாவது, எழுந்த வேதனையைத் தணிப்பது. மூட்டுக்கு ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் நலந்தரும். வைத்தியர் கொல்சிசின் முதலிய மருந்துகளை அளந்து கொடுப்பர். இந்தக் கொல்சிசின் நம் வேலிகளிற் படரும் கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கிலும் உண்டு. அதனை அறிந்து எவரும் கிழங்கை மருந்தாக உண்ணத் துணியலாகாது. அது உயிர்போக்கும் நஞ்சு. காய்ச்சலுடன் மூட்டு வீங்கினால், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

இரண்டாவது, குருதியிலுள்ள அமிலத்தைக் குறைப்பது. நோய் திரும்பத் திரும்ப வருவோர்க்கும், மூட்டருகே சுண்ணாம்புபோன்ற கட்டிகள் தோன்றியோர்க்கும், சிறுநீரகம் தளர்ந்த நோயாளர்க்கும் இது மிகவும் வேண்டப்படுவது. அலோபியூரினோல் என்னும் மருந்து அமிலம் உண்டாவதையே குறைக்கின்றது. இதனைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, குருதியில் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிற்கச் செய்வர். அந்நிலை நீடித்தால் படிந்த பளிங்குகள் மெல்ல மெல்லக் கரையும். அதற்கு மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் செல்லும்.

தொடக்க மாதங்களில் வலி மீண்டும் எழக்கூடும். பளிங்குகள் கரையத் தொடங்கும்போது அவ்வாறு நேர்வதுண்டு. மருந்து தீங்கு செய்கின்றதென மயங்கி அதைக் கைவிடலாகாது. ஆயின், தோலிற் செந்தடிப்புத் தோன்றினால் உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும்.

வலியில்லாத நாளில் மாத்திரை உண்பது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால், வலி ஓய்ந்திருக்கும் அந்நாட்களிலேயே பளிங்குகள் ஓசையின்றி மூட்டை அரிக்கின்றன. ஆதலால், வலி வந்த நாளில் மட்டுமன்றி, வராத நாளிலும் இந்நோயை நினைவிற் கொள்வோரே அதனை வெல்வர்.