கவருக்குள்ளே கவர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சாப்பாட்டுக்கு முன்னாடி என்னைப் பேச விட்டிருக்காங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்திடுறேன்.

நம்ம எல்லார் வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி இருக்கும். அதில் ஒரு பெரிய கவர் தொங்கும். அதுக்குள்ளே அம்பது கவர் இருக்கும். மளிகைக்கடை கவர், மருந்துக்கடை கவர், துணிக்கடை கவர். "எதுக்காவது ஆகும்"னு சேர்த்து வெச்சிருப்போம். அது சிக்கன மனசு, நல்ல மனசுதான். ஆனா அந்த "எதுக்காவது" எதுன்னு நாம யோசிக்கிறதில்லை. சில வேலைக்கு அந்தக் கவர் நல்லா உதவும். சில வேலைக்கு எடுத்தா நம்ம தலையிலேயே வந்து விடியும்.

முதல்ல மாட்டைப் பத்திச் சொல்றேன். நம்ம குழுக்களில் கறவை மாட்டுக்குக் கடன் வாங்கினவங்க நிறைய பேர். 2019 அக்டோபரில், நம்ம மாவட்டத்துத் திருமுல்லைவாயலில் இருந்து ஒரு மாட்டைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. கன்னு போட்டு மூணு வாரம்கூட ஆகலை. பால் குறைஞ்சு போச்சு, வயித்தை வயித்தைக் காலால் உதைச்சுக்கிட்டிருந்தது. அஞ்சரை மணி நேரம் ஆபரேஷன் பண்ணி வெளியே எடுத்தது 52 கிலோ. பெரும்பாலும் பிளாஸ்டிக். ஒரு மூட்டை ரேஷன் அரிசி எவ்வளவு கனம்னு உங்களுக்குத் தெரியும், அதை அந்த மாடு வயித்துக்குள்ளே சுமந்துக்கிட்டிருந்தது.

ஆடு பொறுக்கித் தின்னும். மாடு அப்படியில்லை. நாக்கைச் சுழட்டி அள்ளி விழுங்கிட்டு, அப்புறம்தான் அசை போடும். கவரை அசை போட முடியாது. அது இரைப்பையிலேயே தங்கி, ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு கயிறு மாதிரி ஆயிடும். வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கிறதால மாடு தீவனம் எடுக்காது. நாம "கண்ணு பட்டுடுச்சு"ன்னு சுத்திப் போட்டுக்கிட்டிருப்போம். மாட்டுக்குக் கவர் மேல ஆசை கிடையாது. உள்ளே இருக்கிற பழத்தோல், மீந்த சோறு, அந்த வாசனைக்குத்தான் வருது. முடிச்சுப் போட்ட கவரை அவுக்க அதுக்குக் கை இல்லையே. அதனால காய்கறிக் குப்பையைக் கவரில் கட்டித் தெருவில் வைக்கிறது "மறுபயன்பாடு" இல்லைங்க. தொட்டியிலோ குழியிலோ அப்படியே கொட்டுங்க, இல்லேன்னா தூய்மைக் காவலர் வரும்போது மக்கும் குப்பையைத் தனியா கொடுங்க.

அடுத்தது சாப்பாடு. சூடான சாம்பார், டீ, இட்லியைக் கவரில் ஊத்தி வாங்குற பழக்கம் இன்னும் போகலை. வீட்டில் இருக்கிற கவரைக் கழுவி, அதில் மாவு ஊத்தி ஃபிரிட்ஜில் வைக்கிறவங்களும் உண்டு. கறுப்பு கவர், கலர் கவர் எல்லாம் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செஞ்சது. எதை உருக்கினாங்கன்னு யாருக்கும் தெரியாது. மறுசுழற்சிக் கவரில் தின்கிற பொருள் வைக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 1999-லேயே விதி போட்டிருக்கு. சூடும் எண்ணெயும் புளியும் பட்டா சாயமும் மருந்தும் சேர்ந்து இறங்கும். மீன் வாங்கப் போனா ஒரு தூக்குச் சட்டி எடுத்துட்டுப் போங்க. எங்க அம்மா காலத்தில் அதுதானே வழக்கம்.

அடுப்புப் பத்த வைக்கக் கவரைக் கொளுத்துறது, இதை நான் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் விறகு ஈரமா இருக்கும்போது கை தானா கவரைத் தேடும். அந்தப் புகையைக் கிட்ட உட்கார்ந்து இழுக்கிறது நாமும், நம்ம மடியில் இருக்கிற குழந்தையும்தான். தேங்காய் நார், காய்ஞ்ச பன்னாடை, பனை ஓலை, இதுல ஒண்ணுகூடவா கிடைக்காது? 2018 போகி அன்னிக்கு சென்னையில் புகை மூட்டத்தால விமானமே இறங்க முடியாமப் போச்சு. நம்ம அடுப்படி அதைவிடச் சின்ன இடம்.

சரி, எதுக்குத்தான் ஆகும்னு கேட்பீங்க. பால் கவர், எண்ணெய்க் கவர் நாத்து வளர்க்க ரொம்ப நல்லது. அடியில் நாலு ஓட்டை போட்டு மண்ணும் எருவும் நிரப்பி முருங்கை, பப்பாளி, கத்தரி போடலாம். நடும்போது கவரைக் கிழிச்சு எடுத்திடணும், வேரோட புதைக்கக் கூடாது. மழைக்காலத்தில் ரேஷன் கார்டு, ஆதார், குழுவோட பாஸ்புக், தீர்மான நோட்டு எல்லாத்துக்கும் ரெண்டு கவர் போட்டுக் கட்டி உயரத்தில் வைங்க. 2015 வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போது செருப்பு, ஈரத்துணி வைக்கலாம். கடைக்கே திரும்ப எடுத்துட்டுப் போய் அதிலேயே வாங்கலாம், அதுதான் எல்லாத்திலும் சுலபம்.

கவரைக் கீறி ஜடை பின்னி அவரைப் பந்தலுக்குக் கயிறா கட்டச் சொல்லி வீடியோ வருது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெயிலில் சில மாசத்திலேயே கவர் நொறுங்கிப் பொடியாகும். அந்தப் பொடியை மண்ணில் இருந்து யார் பொறுக்குறது? பட்டுப்புடவையைக் கவரில் சுத்தி வைக்காதீங்க, ஈரம் தங்கி ஜரிகை கறுத்திடும். பழைய வேட்டித் துணிதான் அதுக்குச் சரி. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் கவர் மூட்டையைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்க. தலையில் கவுத்துக்கிட்டா மூச்சு முட்டிடும். கிழிஞ்சு போனதைக் கழுவிக் காய வெச்சுத் தனியா சேர்த்துக் கொடுங்க. பால் கவருக்குப் பழைய பேப்பர் கடையில் காசே கிடைக்கும், நுனியை முழுசா வெட்டிப் போடாம தொங்க விட்டு வெட்டுங்க, அந்தத் துண்டுதான் எங்கேயும் சிக்காம வாய்க்காலுக்குப் போகுது. கூவம்னா சென்னைக்காரங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. அந்தப் பேரைக் கொடுத்த கூவம் கிராமம் நம்ம ஒன்றியத்தில்தான் இருக்கு.

இவ்வளவு சொன்னாலும் கணக்கு ஒண்ணு உதைக்குது. வீட்டுக்கு வாரம் பத்து கவர் வந்தா, எந்தக் கெட்டிக்காரியாலும் பத்துக்கும் வேலை கண்டுபிடிக்க முடியாது. வரவைக் குறைக்கணும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் எந்த கனத்தில் இருந்தாலும் தடைதான். துணி மாதிரியே இருக்கிற கலர் பையும் அந்த 14 பொருள் பட்டியலில் இருக்கு. அது துணி இல்லைங்க, பிளாஸ்டிக்கை அழுத்தினது. சந்தேகம்னா ஓரத்தில் நூலை உருவிப் பாருங்க. துணின்னா நீளமா நூல் வரும், அதில் பஞ்சு மாதிரி பிய்யும்.

2021 டிசம்பர் 23-ல் முதலமைச்சர் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வெச்சார். மஞ்சப்பை தூக்கினா பட்டிக்காட்டான்னு சிரிச்ச காலம் போய், மெஷினில் பத்து ரூபாய் போட்டு அதை வாங்குற காலம் வந்திடுச்சு. தையல் தெரிஞ்ச நம்ம குழுக்களுக்கு இதில் வேலை இருக்கு. ஒண்ணு மட்டும் கவனிங்க. கைப்பிடியைப் பை வாயோட ஒரு தையலில் விட்டா அஞ்சு கிலோ அரிசிக்குப் பிஞ்சிடும். ரெண்டு அங்குலம் கீழே இறக்கி, கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைக்கணும். விற்க காடாத் துணி, வீட்டுக்குப் பழைய காட்டன் புடவை போதும், ஒரு புடவையில் ஏழெட்டுப் பை தேறும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பழைய புடவை எடுத்துட்டு வாங்க. மெஷின் இருக்கிறவங்க பேரை இன்னிக்கே கணக்காளர் கிட்ட கொடுத்திடுங்க.