கருங்கல் மதில்களுக்குள் பல மொழிகள்: தியார்பக்கிர் நகரின் வரலாறும் பண்பாடும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

துருக்கியின் தென்கிழக்கில், டைகிரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் தியார்பக்கிர் நகரம் அமைந்துள்ளது. குர்து மக்கள் அதனை ஆமெட் என்று அழைக்கின்றனர். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அமிடா. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வென்ற பிறகு, பக்ர் என்னும் அரபுக் குலத்தாரின் பெயரால் தியார்பக்ர் ஆயிற்று. 1937ஆம் ஆண்டில் துருக்கிக் குடியரசு அதைத் துருக்கி மொழியின் ஓசைக்கு ஏற்பத் திருத்தியது. ஒரு நகரத்திற்கு எத்தனை பெயர்கள் என்று வியப்பதைவிட, ஒவ்வொரு பெயரையும் யார், எந்த அதிகாரத்தைக் கொண்டு சூட்டினார்கள் என்று கேட்பதே வரலாற்று மாணவருக்குப் பயன் தரும்.

எரிமலைக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீள மதில் பழைய நகரைச் சூழ்ந்து நிற்கிறது. கி.பி. 359ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசர் இரண்டாம் ஷாப்பூர் இந்நகரை 73 நாட்கள் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். உள்ளேயிருந்து தப்பிய ரோமானியப் படை அதிகாரி அம்மியானஸ் மார்செல்லினஸ் அந்த முற்றுகையைப் பதிவு செய்துள்ளார். பின்னர் அரபியரும், மர்வானிகள் என்னும் குர்து அரச குலத்தாரும், செல்ஜுக்கியரும், அர்துக்கியரும், 1515 முதல் உதுமானியரும் ஆண்டனர். ஒவ்வோர் ஆட்சியும் மதிலைப் பழுதுபார்த்துத் தன் கல்வெட்டைப் பொறித்தது. கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மதிலுக்கும் ஆற்றுக்கும் இடையே ஹெவ்செல் தோட்டங்கள் உள்ளன. நூற்றாண்டுகளாக நகருக்குக் காய்கனி வழங்கிய வளமான நிலம் அது. ஆற்று மணலில் குழி தோண்டி, புறா எச்சத்தை எருவாக இட்டு வளர்க்கப்பட்ட பெரிய தர்ப்பூசணி இந்நகரின் புகழுக்குரிய விளைபொருள். 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கோட்டையையும் தோட்டங்களையும் ஒருசேர உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கூடி வாழ்ந்த நகரமும் 1915ஆம் ஆண்டும்

மதிலுக்குள் குர்துகளும் துருக்கியரும் மட்டும் வாழவில்லை. ஆர்மீனியர்கள், சிரியாக் கிறித்தவர்கள், யூதர்கள் எனப் பல சமூகத்தார் ஒரே சந்தையில் தொழில் செய்தனர். செம்புப் பாத்திரம், பட்டு நெசவு, கல்தச்சு போன்ற தொழில்களில் கிறித்தவக் கைவினைஞர்கள் முன்னணியில் இருந்தனர்.

1895ஆம் ஆண்டில் ஆர்மீனியர்கள் மீது படுகொலை நிகழ்ந்தது. 1915இல் முதல் உலகப் போரின் மறைவில், ஆளுநர் மெஹ்மெத் ரெஷித்தின் தலைமையில் இம்மாகாணத்தின் ஆர்மீனியரும் சிரியாக் மக்களும் கொல்லப்பட்டனர்; நாடு கடத்தப்பட்டனர். திட்டம் தீட்டியது உதுமானிய அரசின் ஆளும் கும்பல். ஆயினும் உள்ளூர்க் குர்துத் தலைவர்களில் ஒரு பகுதியினர் அதில் பங்கேற்றனர். ஆர்மீனியரின் நிலமும் வீடும் கைமாறின. ஒடுக்கப்படும் தேசிய இனத்தின் மேல்தட்டினரும் பிறரை ஒடுக்கும் கருவியாகக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பிற்காலத்தில் குர்து அரசியல் தலைவர்கள் பலர் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். பாழடைந்து கிடந்த சூர்ப் கிராகோஸ் ஆர்மீனியத் தேவாலயம் 2011ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, குர்து இயக்கத்தின் நகராட்சியும் அதற்கு நிதி அளித்தது. இந்நகரின் ஆர்மீனியக் குடியிருப்பில் 1938இல் பிறந்த எழுத்தாளர் முகர்டிச் மர்கோசியன், எஞ்சியவர்களின் வாழ்க்கையைத் தம் கதைகளில் காத்துத் தந்தார்.

ஒரே நாடு, ஒரே மொழி

துருக்கிய தேசியவாதத்தின் முதன்மைச் சிந்தனையாளரான ஸியா கோகால்ப் பிறந்ததும் இதே நகரில்தான், 1876ஆம் ஆண்டில். 1923இல் குடியரசு தோன்றியதும் அக்கோட்பாடு அரசின் கொள்கையாயிற்று. குர்து மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விலக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டில் ஷேக் சயித் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. மத உணர்வும் தேசிய உணர்வும் கலந்த எழுச்சி அது. கிளர்ச்சியாளர்களால் தியார்பக்கிரைக் கைப்பற்ற இயலவில்லை. அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஷேக் சயித்தும் அவருடன் தண்டிக்கப்பட்டோரும் இந்நகரில் தூக்கிலிடப்பட்டனர்.

எழுத்து தடுக்கப்பட்டபோது குரல் அதன் பணியை ஏற்றது. டெங்பேஜ் எனப்படும் பாடகர்கள் இசைக்கருவியின் துணையின்றி மணிக்கணக்கில் கதை பாடுவர். காதல், குலப்பகை, பஞ்சம், கிளர்ச்சி என ஏட்டில் இடம்பெறாத வரலாறு அனைத்தும் அவர்களது நினைவில் தங்கியது. சோவியத் ஆர்மீனியாவின் எரவான் வானொலி குர்து மொழியில் ஒலிபரப்பியபோது, துருக்கியின் கிராமங்களில் மக்கள் அதை இரகசியமாகக் கேட்டனர். தங்கள் அரசு இல்லையென்று மறுத்த மொழியை எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு சோசலிசக் குடியரசு ஒலிக்கச் செய்தது.

இடதுசாரிகள் கொடுத்த விலை

1960களில் துருக்கி தொழிலாளர் கட்சி இப்பகுதியில் வேர்கொண்டது. 1967ஆம் ஆண்டில் தியார்பக்கிர் உள்ளிட்ட நகரங்களில் நடைபெற்ற கிழக்குப் பகுதிப் பேரணிகளில் வறுமை, ஆகா எனப்படும் நிலப்பிரபுக்களின் ஆதிக்கம், பள்ளியும் மருத்துவமனையும் இல்லாமை ஆகியன முழக்கங்களாயின. நிலக்கேள்வியும் தேசிய இனக்கேள்வியும் ஒரே மேடையில் எழுந்தன. 1970ஆம் ஆண்டில் அக்கட்சியின் நான்காவது மாநாடு, நாட்டின் கிழக்கே குர்து மக்கள் வாழ்கின்றனர் என்னும் உண்மையைத் தீர்மானத்தில் எழுதியது. அத்தீர்மானத்தையே காரணம் காட்டி 1971இல் அரசியல் சட்ட நீதிமன்றம் கட்சியைத் தடை செய்தது.

கம்யூனிஸ்டுகள் மீதான வழக்கில் 1950களின் தொடக்கத்தில் சிறை சென்ற கவிஞர் அஹமெத் ஆரிஃப் இந்நகரின் மைந்தர். அக்கட்சியில் பணியாற்றிய தையல் தொழிலாளி மெஹ்தி ஸானாவை மக்கள் 1977ஆம் ஆண்டில் நகரின் மேயராகத் தேர்ந்தெடுத்தனர். 1980 செப்டம்பர் 12 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் அவர் சிறையில் அடைக்கப்பட்டார்.

தியார்பக்கிர் இராணுவச் சிறையின் பெயர் அன்று சித்திரவதைக்கு மறுபெயராயிற்று. பார்வையாளர் துருக்கி மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்பது அங்கு விதி. துருக்கி மொழி அறியாத தாய்மார்கள் கம்பிக்கு அப்பால் நின்ற பிள்ளைகளைப் பார்த்து வாய்மூடி அழுதனர். 1982ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று தொடங்கிய உண்ணாநிலைப் போராட்டத்தில் நான்கு கைதிகள் உயிர்நீத்தனர். அவர்களில் ஒருவரான கெமால் பிர் குர்து இனத்தவர் அல்லர். குர்து விடுதலையைத் தம் கடமையாக ஏற்ற துருக்கியப் புரட்சியாளர்.

1991இல் தியார்பக்கிரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான லேலா ஸானா, பதவியேற்பின்போது குர்து, துருக்கிய மக்களின் சகோதரத்துவத்தைக் குறித்துக் குர்து மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். 1994இல் அவர் கைது செய்யப்பட்டார்; பத்தாண்டுகள் சிறையிலிருந்தார்.

இருமுறை பெயர்க்கப்பட்டவர்கள்

1990களில் இராணுவம் குர்துக் கிராமங்களைக் காலி செய்தது. 1998ஆம் ஆண்டின் துருக்கி நாடாளுமன்றக் குழுவே 3,428 குடியிருப்புகளையும் 3,78,335 மக்களையும் கணக்கிட்டது. நிலமிழந்த உழவர்கள் தியார்பக்கிரின் பழைய நகரமான சூர் பகுதிக்கு வந்து, கிடைத்த அறைகளில் குடியேறினர், தினக்கூலிகளாயினர்.

2015 ஜூன் 5 அன்று மக்கள் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் பேரணியில் இந்நகரில் குண்டுகள் வெடித்தன. இரு நாட்களுக்குப் பின் நடந்த தேர்தலில் அக்கட்சி 13 விழுக்காடு வாக்குகளும் 80 இடங்களும் பெற்றது. ஆண்டின் பிற்பகுதியில் அமைதிப் பேச்சு முறிந்து மோதல் வெடித்தது. வழக்கறிஞர் சங்கத் தலைவர் தாஹிர் எல்சி, நவம்பர் 28 அன்று சூரின் நான்குகால் மினாரின் அடியில் நின்று, இவ்விடத்தில் ஆயுதம் வேண்டாம் என்று வேண்டினார். சற்று நேரத்தில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் ஊரடங்கு, பின்னர் பீரங்கி. 2016 மார்ச் மாதத்தில் சூரின் பெரும்பகுதியை அரசு கையகப்படுத்தியது. கிராமத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் நகரிலிருந்தும் விரட்டப்பட்டனர். அவர்களுடைய சந்துகள் இருந்த இடத்தில் அகன்ற சாலைகளும் புதிய வீடுகளும் எழுந்தன. பாதுகாப்பு என்று அரசு சொன்னதில் ரியல் எஸ்டேட் இலாபமும் அடங்கியிருந்தது.

உள்ளாட்சியும் பறிக்கப்பட்டது. 2016 அக்டோபரில் மேயர் குல்தான் கிஷானக் கைதானார்; அரசு நியமித்த நிர்வாகி அவரது இடத்தில் அமர்ந்தார். 2019 மார்ச்சில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்ற செல்சுக் மிஸ்ரக்லி ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டார். 2024இல் மக்கள் மீண்டும் அதே இயக்கத்தாரையே தேர்ந்தெடுத்தனர்.

தோழர்களே! ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 அன்று இலட்சக்கணக்கானோர் நவ்ரோஸ் தீயைச் சுற்றி இந்நகரில் திரள்கின்றனர். 2013இல் அத்திடலில்தான் அப்துல்லா ஒஜலானின் போர்நிறுத்த அழைப்பு வாசிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி தன்னைக் கலைப்பதாக அறிவித்துள்ளது. துப்பாக்கிகள் ஓய்வதை உழைக்கும் மக்கள் வரவேற்பர். ஆயின் தாய்மொழிக் கல்வி, வாக்குக்கு மதிப்பளிக்கும் உள்ளாட்சி, விரட்டப்பட்டோருக்கு வீடும் நிலமும் ஆகிய மூன்றும் இல்லாத அமைதி ஓர் இடைவேளையாகவே முடியும். 1967ஆம் ஆண்டுப் பேரணிகள் எழுப்பிய கேள்விகள் இன்றும் விடைக்குக் காத்திருக்கின்றன. துருக்கியத் தொழிலாளியும் குர்து உழவரும் அவற்றைத் தங்கள் பொதுக் கேள்விகளாக ஏற்கும் அளவுக்கே விடை நெருங்கிவரும்.