நேபாளி காங்கிரசின் 57 தொகுதிகள்

நேபாளம் என்றதும் நாம் மன்னராட்சி ஒழிந்ததைப் பேசுவோம், மாவோயிஸ்டுகளைப் பேசுவோம். நான் நேபாளி காங்கிரசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1959 பொதுத்தேர்தலில் 109 இடங்களில் 74ஐ வென்ற கட்சி அது. மறு ஆண்டே மன்னர் மகேந்திரா, பிரதமர் பி.பி. கொய்ராலாவைச் சிறையில் தள்ளினார். ஜனநாயகத்துக்காக அடிபட்ட கட்சிதான், மறுக்கவில்லை.

அந்த ஜனநாயகத்தில் காமிக்கும் தமாய்க்கும் சார்கிக்கும் என்ன இடம்? 1991இல் 205 பேர் கொண்ட அவையில் ஒரே ஒரு தலித். அவரும் காங்கிரஸ்காரர்தான், கிருஷ்ண சிங் பரியார். அடுத்த இரண்டு தேர்தல்களில் அந்த ஒருவரும் இல்லை.

இப்போதைய அரசியல் சட்டப்படி 275 இடங்கள். விகிதாச்சாரப் பட்டியலின் 110 இடங்களில் தலித்துகளுக்கு 13.8 விழுக்காடு உண்டு. நேரடித் தொகுதிகள் 165. அவற்றில் நம் ஊர்போல தனித்தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. 2022இல் காங்கிரஸ் 89 இடங்களோடு முதல் கட்சியானது. 57 நேரடி வெற்றி. அந்த 57 பேரில் ஒரு தலித்கூட இல்லை!

பட்டியலில்தான் இருக்கிறார்களே என்பார்கள். பட்டியலை எழுதுவது யார்? பகுன், சேத்ரி ஆதிக்கத்தில் இருக்கும் கட்சித் தலைமை. பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. யார் அனுப்பிவைக்கிறாரோ அவருக்குத்தான் உறுப்பினர் பதில் சொல்வார்.

2020இல் மேற்கு ருக்குமில், காதலியை அழைத்துவரப் போன தலித் இளைஞரும் நண்பர்களுமாக ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அப்படி ஒரு நாளில் சொந்தக் கட்சியையும் சேர்த்துக் கேள்வி கேட்க, தன் தொகுதி மக்கள் அனுப்பிய ஒருவர் அவையில் வேண்டும். அடுத்த முறை நான் பார்க்கப்போவது அந்த நேரடி வேட்பாளர் பட்டியலைத்தான்.