ஏலக்காய்க்குள் இருக்கும் வடிவங்கள்

தேவாரம் ஊரிலிருந்து மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏலக்காய் வாசனை பழகிப்போன ஒன்று. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் காயின் பருமனுக்கும் பச்சை நிறத்துக்கும் விலை சொல்வார்கள். வேதியியல்காரர்களின் கண் வேறு. சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற இரண்டு மூலக்கூறுகளுக்குத்தான் அந்த மணத்தில் பெரும்பங்கு என்பார்கள். யூகலிப்டஸ் தைலப் புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவதும் இதே சினியோல்தான்!

இத்தகைய மூலக்கூறுகளின் வடிவத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமால் குழுவினர் 2018-இல் 'இம்பாட்' என்ற தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். அப்போது அதில் 1,742 இந்திய மூலிகைகள் இருந்தன. அடுத்த பதிப்பில் 4,010 மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள். கணித நிறுவனத்துக்கு மூலிகையில் என்ன வேலை? பழைய மருத்துவ நூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்ததை உட்கார்ந்து படித்து, சரிபார்த்துத் தொகுத்ததுதான் வேலை. ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும் நாட்டில் அது லேசுப்பட்டதல்ல.

மருந்து தேடுபவர்கள் இந்த வடிவங்களை எடுத்து, நோய்க்குக் காரணமான புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்திவிட்டால் மருந்து கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆய்வுக்கூடச் சோதனை முழுக்கப் பாக்கி.

புரதங்களுக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. 1971-இல் 7 வடிவங்களோடு அமெரிக்காவில் தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பேங்க்'கில் இன்று 2 லட்சத்துக்கும் மேல். அங்கே வரும் வடிவம் சரிதானா என்று சோதிக்க உதவும் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் தந்தது.