அவருடைய வேளை
(மருத்துவமனைச் சிற்றாலயத்தில், நோயாளிகளின் உறவினரும் ஊழியத்தைத் தாங்கும் அன்பர்களும் கூடிய ஸ்தோத்திர ஆராதனையில் கொடுக்கப்பட்ட தேவசெய்தி)





1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜாவைப் பார்க்கிறோம். பெலிஸ்தர் மிக்மாசில் பாளயமிறங்கிவிட்டார்கள். கில்காலிலோ ஜனங்கள் சிதறிப்போகிறார்கள். குறித்த ஏழு நாளும் காத்திருந்தும் சாமுவேல் வரக் காணோம். சவுல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்தினான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நின்றார்! ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, ஜனங்கள் விலகிப்போனதைத்தான் சவுல் முதலாவது சொன்னான். அவன் கண் கூட்டத்தைப் பார்த்தது, கர்த்தரை நோக்கவில்லை.

யோவான் 11-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரைப் பாருங்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று சகோதரிகள் ஆளனுப்பினார்கள். அவரோ இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். பிறகு அவர் புறப்பட்டபோது, யூதேயாவில் கல்லெறிவார்களே என்று சீஷர்கள் தடுத்தார்கள். அப்போதும் அவர் நிற்கவில்லை. முந்தி வரும்படி கண்ணீர் அழைத்தது. போகாதபடி பயம் தடுத்தது. இரண்டுக்கும் அசையாமல் பிதாவின் வேளையில் நடந்தார்.

இந்த வார்டுகளிலும் அதே சோதனை உண்டு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சில வாரங்களிலேயே இருமல் தணிந்து, உடம்பு தேறத் தொடங்கிவிடும். "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அதைக் கேட்டு நிறுத்தினால் நோய் திரும்பும்; மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். பொறுமையோடு விழுங்கும் கடைசி மாதத்து மாத்திரையும் விசுவாசத்தின் கிரியைதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கர்த்தருடைய வேளை வரட்டும் என்று அவசர ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது காத்திருத்தல் அல்ல. அது பயம் போட்டுக்கொண்ட பக்தி வேஷம். டாக்டர் கையெழுத்துக் கேட்கும் நேரமும் அவருடைய வேளையாயிருக்கலாம்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் பெண் மருத்துவரின்றிப் பிரசவத்தில் மரித்தார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர் மனம் பதறினார். ஆனாலும் படிக்காத கையோடு ஊழியத்தில் இறங்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் 1902-இல் மருத்துவமனை எழும்பியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. காத்திருந்த ஆண்டுகள் வீணாகவில்லை. அவை ஆயத்தத்தின் ஆண்டுகள்.

அன்பர்களே, உங்கள் காணிக்கையின் பலனை உடனே காணாதபோது சோர்ந்துபோகாதிருங்கள். கட்டிலருகே விழித்திருப்பவர்களே, ஊராரின் வார்த்தை உங்களைக் கலக்க இடங்கொடாதிருங்கள். இன்று செய்ய வேண்டியதை இன்று செய்வோம். நாளையை அவர் கரத்தில் வைப்போம்.

ஜெபிப்போம்: கர்த்தாவே, உமக்கு முன்னே ஓடாமலும், நீர் அழைக்கும்போது பின்வாங்காமலும் எங்களைக் காத்தருளும். ஆமென்.